விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு மெனு வரவில்லை என்றால்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரே லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) இரண்டும் இருந்தன. இயக்கியதும் எதற்குள் போகலாம் என்று கேட்கும் கிரப் மெனு வரும். பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று முடிந்த பிறகு அந்த மெனு வருவதே இல்லை, நேராக விண்டோஸ் திறக்கிறது. உபுண்டுவை மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, உபுண்டு பக்கம் இருக்கும் ப்ராஜெக்ட் கோப்புகளுக்கு வேறு நகல் கிடையாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. கோப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா, அவற்றுக்கு ஆபத்து வராமல் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பதே உங்கள் கவலை. பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், திரும்பவும் முடியும். மறுபடி இன்ஸ்டால் செய்யும் யோசனையை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கல்லூரி ஆய்வகக் கணினிகளைப் பராமரிப்பது பல வருடங்களாக என் வேலை. மாணவர்கள் கொண்டுவரும் லேப்டாப்களையும் பார்க்கிறேன். பூட் லோடர் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) கெட்டதால் கோப்பு போனவர்களை நான் பார்த்தது மிகக் குறைவு. பதற்றத்தில் எங்கோ பார்த்த நாலு கட்டளைகளை அடித்தோ, இன்ஸ்டாலரில் தவறான பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்து வைத்த பகுதியை) ஃபார்மட் செய்தோ கோப்பை இழந்தவர்கள்தான் அதிகம். அதனால் என் முறை ஒன்றுதான்: எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று தெரியும்வரை டிஸ்கில் எதையும் எழுதக் கூடாது. பார்ப்பது, படிப்பது, நகலெடுப்பது மட்டும்.

இயக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். விண்டோஸ் 11 முறைப்படி யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்த ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) உள்ள கணினியில்தான் நிறுவப்படும், ஆகவே உங்களுடையதும் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கணினியின் டிஸ்கில் ஈஎஸ்பி எனப்படும் சின்னப் பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். ஃபேட்32 வடிவம், பல கணினிகளில் 100 எம்பி அல்லது 260 எம்பி அளவு. அதற்குள் ‘மைக்ரோசாஃப்ட்’ என்ற ஃபோல்டரில் விண்டோஸின் பூட் லோடரும், ‘உபுண்டு’ என்ற ஃபோல்டரில் ஷிம், கிரப் என்ற கோப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றின் மேல் எழுதிக்கொள்வதில்லை. இது தவிர, மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய நினைவகத்தில் எந்தெந்த பூட் லோடர்கள் இருக்கின்றன, எதை முதலில் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் ஃபர்ம்வேர் அந்தப் பட்டியலைப் பார்க்கிறது. முதலிடத்தில் உபுண்டு இருந்தால் ஷிம்மைக் கூப்பிடுகிறது. ஷிம் கிரப்பைக் கூப்பிடுகிறது. கிரப் லினக்ஸ் பார்ட்டிஷனைத் தேடி, அங்கே உள்ள கட்டமைப்புக் கோப்பைப் படித்து மெனுவைக் காட்டுகிறது.

இப்போது உங்கள் நிலைக்கு வருவோம். விண்டோஸ் பிரச்சினையில்லாமல் திறக்கிறது, நடுவில் பிழைச் செய்தி எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ஃபர்ம்வேர் ஷிம்மைக் கூப்பிடவே இல்லை என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். பெரிய அப்டேட்டுகள் விண்டோஸ் பூட் மேனேஜரைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோவதுண்டு. இன்னொரு வாய்ப்பு, விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்தே பயாஸ் அப்டேட்டும் (யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரையும் பேச்சுவழக்கில் பயாஸ் என்றே சொல்கிறோம்) வந்து, அந்தப் பட்டியலையே துடைத்திருக்கலாம். இரண்டிலும் உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷனை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இந்த இரண்டில் எது என்று உங்கள் விவரத்திலிருந்து மட்டும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். விண்டோசில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். உபுண்டுவுக்கு நீங்கள் ஒதுக்கிய அளவில், டிரைவ் எழுத்தோ ஃபைல் சிஸ்டம் பெயரோ இல்லாமல் ஒரு பார்ட்டிஷன் இருக்கிறதா? இருந்தால் நல்ல சேதி. விண்டோசுக்கு லினக்சின் எக்ஸ்ட்4 வடிவத்தைப் படிக்கத் தெரியாது, அதனால் பெயரில்லாமல் காட்டுகிறது. அதற்கு டிரைவ் எழுத்து கொடுக்காதீர்கள். கொடுத்தால், ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அதில் சரி என்று அழுத்தியவர்களை எனக்குத் தெரியும். அந்த இடம் ‘அன்அலோகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையோடு தெரிந்தால் கதை வேறு. அப்போது கணினியை அணைத்துவிடுங்கள். டெஸ்ட்டிஸ்க் போன்ற மீட்புக் கருவி தெரிந்தவர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை அது.

இரண்டாவது சோதனை: ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே விண்டோசில் ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத்திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்றொரு தேர்வு இருக்கலாம். அதற்குள் ‘உபுண்டு’ என்ற பெயர் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கிரப் மெனு வந்துவிட்டால், ஷிம்மிலிருந்து மெனுவரை எல்லாமே நன்றாக இருக்கிறது, வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அந்தத் தேர்வே இல்லாவிட்டால், ஸ்டார்ட் ஆகும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று உங்கள் லேப்டாப் நிறுவனம் வைத்திருக்கும் விசையை அழுத்திப் பூட் மெனுவைப் பாருங்கள். இதற்கு ஷட்டவுன் செய்து மறுபடி இயக்குவதைவிட ரீஸ்டார்ட் செய்வது நல்லது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால், ஷட்டவுன் என்பது உண்மையில் விண்டோஸின் உட்பகுதியை டிஸ்கில் சேமித்துவிட்டுத் தூங்கப் போவதுதான். அந்த நிலையில் லினக்சிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுதுவதும் ஆபத்து. இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் அதைக் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்சில் அணைத்து வைப்பதே நல்லது.

வரிசையை மாற்றப் போகும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த விண்டோஸ் 11 லேப்டாப்களில், நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்க (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்க) வாய்ப்புண்டு. செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது பிட்லாக்கர் என்ற இடத்தில் பாருங்கள். அது இயக்கத்தில் இருக்கும்போது செக்யூர் பூட்டை (கையெழுத்திடப்பட்ட பூட் லோடரை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு வசதியை) மாற்றினாலோ, சில கணினிகளில் பூட் வரிசையை மாற்றினாலோகூட, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லையென்றால் விண்டோஸ் பக்கக் கோப்புகள் பூட்டியபடியே நிற்கும். உபுண்டுவைக் காப்பாற்றப் போய் விண்டோசை இழக்க வேண்டாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸ் பக்கம் போங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ‘சஸ்பெண்ட்’ வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

அப்புறம் பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றிச் சேமியுங்கள். உங்களைப் போன்ற விவரத்தோடு வரும் பெரும்பாலான லேப்டாப்கள் இதோடு சரியாகிவிடும். சில லேப்டாப்களில் வரிசையை மாற்றினாலும் ஃபர்ம்வேர் பிடிவாதமாக விண்டோசுக்கே போகும். வேறு சிலவற்றில் பயாஸுக்கு ஒரு சூப்பர்வைசர் கடவுச்சொல் வைத்து, ஷிம் கோப்பை நம்பகமானது என்று குறிப்பிட்ட பிறகுதான் வரிசையில் இடம் தருவார்கள். பிடிவாதக்கார ஃபர்ம்வேருக்கு, விண்டோசின் ‘பிசிடிஎடிட்’ கட்டளையால் பூட் மேனேஜரின் பாதையை உபுண்டு ஃபோல்டரில் உள்ள ஷிம் கோப்புக்குத் திருப்பிவிடும் வழி ஒன்று உண்டு. வேலை செய்யும், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் பழையபடி ஆகிவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் பூட் லோடரை அழித்து அந்தப் பெயரிலேயே கிரப்பை வைக்கச் சொல்லும் யோசனையும் இணையத்தில் உலாவுகிறது. அதைச் செய்யவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட் அந்தக் கோப்பை மறுபடி எழுதும்போது இன்னும் பெரிய குழப்பமாகும்.

பட்டியலில் உபுண்டு என்ற பெயரே இல்லை என்றால் பென் டிரைவ் எடுக்க வேண்டியதுதான். நிறுவியிருக்கும் அதே உபுண்டு பதிப்பு, அல்லது அதற்கு நெருங்கிய பதிப்பை, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் யுஎஸ்பியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பூட் மெனுவில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பயாஸ் முறையில் பூட் செய்துவிட்டு யுஇஎஃப்ஐ உபுண்டுவைச் சரிசெய்ய முயல்வது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கட்டளைகள் ஓடியது போலத் தெரியும், பலன் இருக்காது. டெர்மினலில் ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/எஃபி’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்: இருந்தால் யுஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பழைய முறை. (கட்டளைகளையும் பாதைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.) ‘இன்ஸ்டால்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, ‘ட்ரை உபுண்டு’ வழியாக டெஸ்க்டாப்புக்குப் போங்கள்.

அங்கே போனதும் முதல் வேலை பூட் லோடர் இல்லை, உங்கள் ப்ராஜெக்ட். ஃபைல் மேனேஜரில் உபுண்டு பார்ட்டிஷனைத் திறந்து, ஹோம் ஃபோல்டருக்குள் இருப்பதை வெளி டிஸ்கிலோ இன்னொரு பென் டிரைவிலோ நகலெடுங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் டெர்மினலில் ‘சூடோ’ (நிர்வாகி அனுமதி தரும் சொல்) சேர்த்து நகலெடுக்கலாம். நிறுவும்போது உபுண்டுவை என்கிரிப்ட் செய்திருந்தால் கடவுச்சொல் கேட்கும்; கொடுத்தால் திறக்கும். நகல் கையில் வந்த பிறகு நடக்கும் எதுவும் உங்களைப் பெரிதாகப் பாதிக்காது.

அடுத்து ‘எஃபிபூட்எம்ஜிஆர்’ என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். முன்பு சொன்ன மதர்போர்டுப் பட்டியலை அப்படியே காட்டும். ‘பூட்ஆர்டர்’ என்ற வரியில் நான்கு இலக்க எண்களின் வரிசை. கீழே ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பெயர். உபுண்டு அதில் இருந்து, வரிசையில் பின்னால் நின்றால் அதே கட்டளையோடு ‘-ஓ’ சேர்த்துப் புதிய வரிசையைக் கொடுத்தால் போதும். இல்லவே இல்லை என்றால் ஈஎஸ்பியைத் திறந்து உபுண்டு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோல்டர் இருந்தால், ‘-சி’ கொடுத்து, டிஸ்க், பார்ட்டிஷன் எண், ஷிம் கோப்பின் பாதை ஆகியவற்றைச் சொல்லிப் புதிய பதிவு ஒன்றை உருவாக்கலாம். டிஸ்கில் ஒரு பைட்கூட மாறாது. கிரப்பை மறுபடி நிறுவுவதற்கு முன் இதை முயலச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஃபோல்டரே காணவில்லை, அல்லது உள்ளே உள்ள கோப்புகள் கெட்டுவிட்டன என்றால் மட்டும் கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ கட்டளை எந்தப் பார்ட்டிஷன் எக்ஸ்ட்4, எது ஃபேட்32 என்று காட்டும். எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை ‘/எம்என்டி’ என்ற இடத்தில் மவுண்ட் செய்து (இணைத்து), அதற்குள் ‘பூட்/எஃபி’ என்ற இடத்தில் ஈஎஸ்பியை மவுண்ட் செய்யுங்கள். பிறகு டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் மூன்றையும், சிஸ்ஸுக்குள் இருக்கும் எஃபிவார்ஸையும் ‘பைண்ட்’ முறையில் சேர்த்து, ‘சிஎச்ரூட்’ வழியாக உங்கள் உபுண்டுவுக்குள் நுழையுங்கள். அங்கே ‘கிரப்-இன்ஸ்டால்’, அடுத்து ‘அப்டேட்-கிரப்’. பலர் ஈஎஸ்பியை மவுண்ட் செய்ய மறந்துவிடுவார்கள். எஃபிவார்ஸை விட்டுவிட்டால் மதர்போர்டுப் பட்டியலில் பதிவு ஏறாது. இதே குறிப்பை ஃபெடோரா என்ற இன்னொரு லினக்சுக்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே யுஇஎஃப்ஐ கணினியில் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ஓட்டக் கூடாது, ஷிம், கிரப் பேக்கேஜ்களை மறுபடி நிறுவுவதுதான் முறை. பூட்-ரிப்பேர் என்ற கருவி இதையெல்லாம் ஒரே பட்டனில் செய்யும். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் அதன் அறிக்கையை மட்டும் எடுத்துப் படிப்பது என் வழக்கம். என்ன செய்யப்போகிறது என்று தெரியாமல் பட்டனை அழுத்துவதில்லை.

இதைத் தேடி வரும் மற்றவர்களுக்கு மெனுவுக்குப் பதிலாக வேறு திரைகள் வந்திருக்கலாம். கறுப்புத் திரையில் ‘கிரப்>’ என்று மட்டும் வந்து நின்றால், கிரப் ஓடுகிறது, தன் கட்டமைப்புக் கோப்பைத்தான் அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘எல்எஸ்’ என்று அடித்தால் தனக்குத் தெரியும் டிஸ்க்குகளையும் பார்ட்டிஷன்களையும் காட்டும். டிஸ்க்குகளை 0 முதலும் பார்ட்டிஷன்களை 1 முதலும் எண்ணுவது கிரப்பின் வழக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘பூட்/கிரப்’ ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதில் உள்ள ‘கிரப்.சிஎஃப்ஜி’ கோப்பின் முழுப் பாதையை ‘கான்ஃபிக்ஃபைல்’ என்ற சொல்லுக்குப் பின் கொடுத்தால் மெனு வந்துவிடும். பார்ட்டிஷன் அளவை மாற்றிய பிறகோ, ஃபார்மட் செய்து அடையாள எண் மாறிய பிறகோ இது வருவதுண்டு. மெனுவை வரவழைக்க எஸ்கேப் விசையைப் பல முறை அழுத்திவிட்டாலும் இதே திரைதான் வரும். அப்போது ‘நார்மல்’ என்று அடித்து என்டர் கொடுத்தால் போதும். ‘கிரப் ரெஸ்க்யூ>’ என்று வந்தால் நிலைமை ஒரு படி மோசம்: கிரப்பின் மாட்யூல்களே (துணைக் கோப்புகளே) கிடைக்கவில்லை. லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோசிலிருந்தபடியே அந்தப் பார்ட்டிஷனை அழித்தவர்கள் இங்கே வந்து நிற்பார்கள். யுஇஎஃப்ஐ கணினி என்றால் அவர்கள் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தால் போதும், விண்டோஸ் திறக்கும்.

2024 ஆகஸ்ட்டில் வேறு வகைப் பிரச்சினை ஒன்று வந்தது. அந்த மாத விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, லினக்சைத் தேர்ந்தெடுத்தால் ‘எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்ட்: செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்ற செய்தி வந்து கணினி அணைந்துபோனது. பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பூட் லோடர்களைச் செக்யூர் பூட் ஏற்காதபடி செய்யும் எஸ்பிஏடி என்ற பட்டியலை அந்த அப்டேட் மாற்றியது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் அந்த மாற்றம் செய்யப்படாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் சில கணினிகளில் இன்னொரு இயங்குதளம் இருப்பதை அப்டேட்டால் கண்டறிய முடியவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உபுண்டுவுக்குள் போய், ‘மோக்யூடில்’ கட்டளையால் எஸ்பிஏடி கொள்கையை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்து, மறுபடி செக்யூர் பூட்டை இயக்குவதுதான் அதற்கான வழி. உங்களுக்குப் பிழைச் செய்தியே வரவில்லை என்பதால் இது உங்கள் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. செக்யூர் பூட்டை நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உபுண்டுவின் ஷிம் முறையாகக் கையெழுத்திடப்பட்டது, செக்யூர் பூட்டோடு சேர்ந்தே இயங்கும்.

மெனு வருகிறது, அதில் விண்டோஸ் மட்டும் இல்லை என்பது இன்னொரு கேள்வி. 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. ‘/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் அதை முடக்கும் வரிக்கு ‘ஃபால்ஸ்’ மதிப்புக் கொடுத்து, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டினால் விண்டோஸ் பட்டியலில் சேரும். அப்படியும் சேரவில்லை என்றால், ஒன்று யுஇஎஃப்ஐ முறையிலும் மற்றொன்று பழைய முறையிலும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறையில் ஓடும் கிரப்பால் மற்ற முறையில் உள்ளதைத் தொடங்கிவைக்க முடியாது.

பழைய பயாஸ் கணினிகளில் மேலே சொன்ன ஈஎஸ்பி, பட்டியல் எதுவும் கிடையாது. டிஸ்கின் முதல் 512 பைட்டில், 446 பைட் இடத்துக்குள் பூட் லோடரின் முதல் துண்டு இருக்கும். அங்கே ஒருவருக்குத்தான் இடம், அதனால் விண்டோசைப் பிறகு நிறுவினால் கிரப் உண்மையிலேயே அழியும். அங்கே கிரப்-இன்ஸ்டால் கட்டளைக்குப் பார்ட்டிஷனின் பெயரைக் கொடுக்காமல் முழு டிஸ்கின் பெயரைக் கொடுக்க வேண்டும். ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ கட்டளையும் அந்தக் காலத்துக்கானது. யுஇஎஃப்ஐ கணினியில் அதை அடிக்கச் சொல்லும் காணொளிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியவை: டிஸ்க் மேனேஜ்மென்ட், பிட்லாக்கர் எண், பிறகு அந்த ‘யூஸ் எ டிவைஸ்’ திரை. அதில் உபுண்டு தெரியாவிட்டால் லைவ் யுஎஸ்பியில் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, ‘எஃபிபூட்எம்ஜிஆர் -வி’, ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ இரண்டும் காட்டுவதைப் படமெடுத்து இங்கேயே போடுங்கள், எந்தக் கட்டளை வேண்டும் என்று வரி வரியாகச் சொல்கிறேன். லேப்டாப் மாடலையும் எழுதுங்கள், பயாஸின் குணம் அதைப் பொறுத்தது. அந்த 48 இலக்க எண்ணை மட்டும் யார் கேட்டாலும் பகிர வேண்டாம்.